துயரில் ஒரு பகுதி: தல்பீனா நபிமொழியும் நம் காலத்து உணவு நூல்களும்

மதுரைக் கோரிப்பாளையத்தில் தர்காவிற்கும், ஊரார் பெரியாஸ்பத்திரி என்று வழங்கும் அரசு இராசாசி மருத்துவமனைக்கும் இடையே உள்ளது நடந்து கடக்கும் தொலைவே. மனம் கலங்கிய ஒருவரை அவருடைய வீட்டார் இவ்விரண்டு வாயில்களில் எதற்கு முதலில் அழைத்துச் செல்கின்றனர், ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு வந்து சேர எத்தனை மாதம் எடுத்துக்கொள்கின்றனர் என்பதை நெடுங்காலமாக நாம் கண்டு வருகிறோம். அண்மைக் காலத்தில் இதைத் தீர்மானிப்பதில் மூன்றாவதாக ஒன்றும் சேர்ந்துகொண்டது. அது நூல். நபிவழி மருத்துவம் என்றும், உணவே மருந்து என்றும் பலவாறு தலைப்பிட்டுப் பள்ளிவாசல் வாயில்களிலும் கடைகளிலும் விற்கப்படும் மெல்லிய நூல்களைக் குறிப்பிடுகிறோம். அவற்றில் மனச்சோர்வுக்கென ஒரு பகுதி பெரும்பாலும் உண்டு. தேன், பேரீச்சை, அத்தி, கருஞ்சீரகம், வாற்கோதுமைக் கஞ்சி என்று வரிசை செல்லும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் செரடோனின், டோபமின் என ஒரு வேதிப்பொருளின் பெயர் இருக்கும். இப்பொருளை இவ்வுணவு பெருக்கும், பெருகியதும் கவலை நீங்கும் என்று முடியும்.

எந்த நூலையும் பெயர் சுட்டிக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதப்பட்டவை ஆதலின் ஒன்றை மட்டும் சுட்டுவது நீதியும் ஆகாது. இவ்வகை எழுத்து ஒரு மூலத்தை எவ்வாறு கையாளுகிறது என்பதையே ஆராய விழைகிறோம். அதற்கு ஒரே ஒரு நபிமொழியை, அதிலும் ஒரே ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் போதும்.

ஸஹீஹுல் புகாரியில் உணவு பற்றிய பாடத்திலும் மருத்துவம் பற்றிய பாடத்திலும் தல்பீனா குறித்த நபிமொழி வருகிறது. உர்வா (ரஹ்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடமிருந்து அறிவிப்பது. அன்னையாரின் குடும்பத்தில் ஒருவர் இறந்து, அதற்காகக் கூடிய பெண்கள் கலைந்து, வீட்டாரும் நெருங்கியவர்களும் மட்டும் எஞ்சியிருக்கும் நேரத்தில் ஒரு கல்சட்டியில் தல்பீனா காய்ச்சச் சொல்வார்கள். பின்னர் ஸரீத் செய்யப்படும். அதன்மேல் தல்பீனா ஊற்றப்படும். அங்கிருக்கும் பெண்களை உண்ணச் சொல்லி, அது நோயாளியின் உள்ளத்திற்கு ஓய்வளிப்பது, துயரில் சிறிது பகுதியைப் போக்குவது என்னும் பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அறிவிப்பார்கள்.

தல்பீனா என்பது வாற்கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து நீர்க்கக் காய்ச்சும் கஞ்சி. தேன் சேர்ப்பதும் உண்டு. பாலைப் போல வெளுத்து நெகிழ்ந்திருப்பதால் பாலைக் குறிக்கும் லபன் என்னும் சொல்லடியாக இப்பெயர் வந்தது. உள்ளத்திற்கு ஓய்வு என்ற இடத்தில் வரும் முஜிம்மா என்னும் சொல்லை மஜம்மா என்று ஓதுவதும் உண்டு. அதன் வேர், ஓடிக் களைத்த குதிரையைச் சவாரி செய்யாமல் நிறுத்தி இளைப்பாற விடுவதைக் குறிப்பது. இளைப்பாறிய குதிரை மறுநாள் ஓடும்; நோயுற்ற குதிரை இளைப்பாறியதால் மட்டும் நலம் பெற்றுவிடாது. அரபுச் சொல் இவ்வளவு நுட்பமாக அளந்து நிற்கிறது. அடுத்த தொடர் அதனினும் நுட்பமானது. துயரைப் போக்கும் என்று அங்கு இல்லை. துயரில் பஃளு, அஃதாவது ஒரு பகுதி, சிறிது, என்றே இருக்கிறது. நாம் பார்த்த தமிழ் நூல்களில் பெரும்பாலானவை இந்தப் பஃளுவை விட்டுவிட்டன. கவலையைப் போக்கும், மனநோயைக் குணப்படுத்தும், மனச்சோர்வுக்குச் சிறந்த மருந்து என்றெல்லாம் அவை பெயர்த்துக்கொண்டே போகின்றன. ஒரு சொல் விடுபட்டதும் மரண வீட்டில் பசியாற்ற ஊற்றப்பட்ட கஞ்சி மருந்துச்சீட்டாக மாறிவிட்டது.

முன்னோர் இச்சொல்லை எப்படிக் கையாண்டனர்? இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்களின் ஸாதுல் மஆதை எடுத்துக்கொள்வோம். இன்றைய நூல்கள் அனைத்தும் மூலம் என்று காட்டுவது அதைத்தான். துயரைத் தல்பீனா எப்படிக் குறைக்கிறது என்பதற்கு இமாமவர்கள் ஒன்றல்ல, மூன்று விளக்கங்கள் தருகிறார்கள். துயரம் உடலின் இயல்பான வெப்பத்தைத் தணித்துவிடுகிறது, கஞ்சி அவ்வெப்பத்திற்கு எரிபொருள் ஊட்டுகிறது என்பது முதலாவது. மகிழ்வூட்டும் உணவுகளுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு, அது இதிலும் இருக்கலாம் என்பது இரண்டாவது. இதுவே உண்மைக்கு நெருக்கமானது என்றும் சொல்கிறார்கள். துயருற்றவன் உணவைக் குறைத்துக்கொள்வதால் அவன் உறுப்புகள், குறிப்பாக இரைப்பை, வறண்டு தளர்கின்றன, இக்கஞ்சி அவற்றை நனைத்து ஊட்டுகிறது என்பது மூன்றாவது. விளக்கத்தைத் தொடங்கும்போதே அல்லாஹ்வே நன்கறிந்தவன் என்ற அடக்கம். அடுத்தவற்றின் தொடக்கத்தில், இவ்வாறும் கூறப்படலாம் என்ற தயக்கம். நமது நூல்கள் இவ்விளக்கங்களைப் பெயர்த்தன. அடக்கத்தையும் தயக்கத்தையும் பெயர்க்கவில்லை.

பணிவோடு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முதல் விளக்கத்தின் முடிவில் இமாமவர்களின் பேனாவே சற்று நழுவியிருக்கிறது. நபிமொழியில் சிறிது என்றிருக்க, வெப்பக் கோட்பாட்டை விவரித்து வந்த வேகத்தில் துயரில் பெரும்பகுதி நீங்கும் என்ற பொருளில் எழுதிவிடுகிறார்கள். அடுத்த விளக்கத்திலேயே மீண்டும் சிறிதுக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஒரு கோட்பாடு கையில் கிடைத்தவுடன் மூலத்தில் உள்ளதை விடச் சற்று மிகுதியாகச் சொல்லத் தோன்றும் என்பதற்கு இத்துணைப் பெரியவரிடமும் ஒரு சான்று கிடைக்கிறது. அவர் காலத்துக் கோட்பாடு உடல் வெப்பம். நம் காலத்துக் கோட்பாடு மூளை வேதியியல்.

மூன்றாவது விளக்கமே நம் மனத்திற்கு மிகவும் பிடித்தது. இதே கருத்தை இமாம் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் முவஃப்பகுத்தீன் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி அவர்களின் சொல்லாக எடுத்தாளுகிறார்கள். நபிமொழியில் உள்ள ஃபுஆத் என்பதை இரைப்பையின் மேல்வாய் என்று பொருள்கொள்கிறார் பக்தாதி. இவர் 1162 முதல் 1231 வரை வாழ்ந்த மருத்துவர். எகிப்தில் பெரும்பஞ்சம் நிகழ்ந்தபோது அங்கிருந்தவர். குவிந்து கிடந்த எலும்புகளை ஆயிரக்கணக்கில் ஆராய்ந்து, கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்ற ஜாலினூஸின் கூற்று பிழை, அது ஒரே எலும்பு என்று எழுதியவர். ஆயிரமாண்டுப் பெரும் பெயரைக் காட்டிலும் கண்ணால் கண்ட எலும்பை நம்பிய அந்த மனிதர், பசியையும் துயரையும் ஒருங்கே கண்டவர், தல்பீனாவைப் பற்றிச் சொன்னது எளிமையானது: துயருற்றவன் சாப்பிடுவதில்லை, சாப்பிடாததால் இன்னும் தளர்கிறான், அவனால் விழுங்க முடிந்ததைக் கொடுங்கள். மவுத்து நேர்ந்த வீட்டில் அடுப்பு எரியாது, அக்கம்பக்கத்தார் சோறாக்கி அனுப்ப வேண்டும் என்ற நம்மவர் வழக்கமும் இதே அறிவிலிருந்து பிறந்ததுதான். ஜஅஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது அவர்தம் வீட்டாருக்கு உணவு சமைக்குமாறு நபிகளார் (ஸல்) பணித்ததும் இதன் அடிப்படை. இதற்குச் செரடோனின் தேவையில்லை.

இனிச் செரடோனினுக்கு வருவோம். நாம் அறிவியல் படித்தவரல்லர். ஆயினும் ஒரு கூற்றை ஏற்குமுன் அதன் இஸ்னாதைப் பார்ப்பது எமக்குப் பழக்கம். உடலில் உள்ள செரடோனினில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு குடலில் இருக்கிறது. உண்ணும் பொருளில் செரடோனின் இருந்தாலும் அது மூளைக்குள் நுழையாது. இரத்தத்திற்கும் மூளைக்கும் இடையில் உள்ள தடுப்பு அதைக் கடக்க விடாது. எனவே வாழைப்பழத்தில் செரடோனின் உண்டு, ஆதலால் வாழைப்பழம் மகிழ்ச்சி தரும் என்பது இஸ்னாத் அறுந்த அறிவிப்பு. மூளை தனக்கு வேண்டிய செரடோனினைத் தானே செய்துகொள்கிறது. அதற்கான மூலப்பொருள் டிரிப்டோஃபேன் என்னும் அமினோ அமிலம். அது உணவிலுள்ள புரதத்திலிருந்து வருகிறது. இங்குதான் ஒரு வியப்பு: புரதம் மிகுதியாக உண்டால் மூளைக்குச் செல்லும் டிரிப்டோஃபேன் மிகுவதில்லை. ஏனெனில் அதனுடன் வேறு பல அமினோ அமிலங்களும் அதே வாயிலில் முண்டியடிக்கின்றன. அவற்றின் எண்ணிக்கை மிகுதி. மாலை நேரத்து ஏ.வி. பாலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பேருந்துகளுக்கிடையே ஒரு மிதிவண்டி. மாவுப்பொருள் மட்டும் உண்டால் இன்சுலின் சுரந்து மற்ற அமிலங்களைத் தசைகளுக்குள் அனுப்பிவிடுகிறது. பாலத்தில் நெரிசல் குறைகிறது, மிதிவண்டி கடந்துவிடுகிறது. அமெரிக்காவில் ஃபெர்ன்ஸ்ட்ரோம், வுர்ட்மன் ஆகியோர் 1970களின் தொடக்கத்தில் எலிகளைக் கொண்டு கண்டறிந்தது இது. உணவு மூளையின் வேதியியலை மாற்ற வல்லது என்பதற்கு இன்றளவும் சிறந்த சான்றுகளில் ஒன்று.

கஞ்சியும் மாவுப்பொருள்தானே, அப்படியானால் தல்பீனா செரடோனினைப் பெருக்கும் என்பது மெய்தானே எனக் கேட்கலாம். நூல்கள் அப்படித்தான் எழுதுகின்றன. ஆனால் அதே ஆய்வுகளின் மறுபக்கம் ஒன்று உண்டு. மாவுப்பொருளோடு சிறிதளவு புரதம் சேர்ந்தாலும் இவ்விளைவு மங்கிவிடும். வாற்கோதுமையிலேயே புரதம் இருக்கிறது. அதற்கும் மேலாக, நபிமொழியை முழுமையாக ஓதியிருந்தால், தல்பீனா எதன்மேல் ஊற்றப்பட்டது என்பதைக் கண்டிருப்பார்கள். ஸரீத் என்பது இறைச்சி ஆணத்தில் பிய்த்துப் போட்ட ரொட்டி. இறைச்சிப் புரதத்தோடு சேர்த்து உண்ட கஞ்சி டிரிப்டோஃபேன் வழியே துயரைக் குறைத்திருக்க வழியில்லை. ஆகவே இந்நபிமொழிக்குச் செரடோனின் விளக்கம் எழுதுவோர் அறிவியலையும் பாதி படித்தனர், நபிமொழியையும் பாதி படித்தனர். நபிமொழியின் உண்மை இவ்விளக்கத்தை நம்பி நிற்கவில்லை. விளக்கம் விழுந்தால் மூலமும் விழுந்ததாக ஓர் இளைஞன் எண்ணிவிடக்கூடும் என்பதே நம் அச்சம். ஏனெனில் இவ்வேதிக் கோட்பாடே இன்று ஆட்டம் காண்கிறது. மனச்சோர்வு என்பது செரடோனின் குறைவே என்பதற்கு உறுதியான சான்று இல்லை என 2022இல் இலண்டனைச் சேர்ந்த மோன்கிரீஃப் குழுவினர் முந்தைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்து எழுதினர். அதனால் மருந்துகள் பயனற்றவை என்று ஆகிவிடாது. ஒரு மருந்து ஏன் பயன்படுகிறது என்ற விளக்கம் தவறலாம், பயன் தவறாமல் இருக்கலாம். இக்கட்டுரையைப் படித்து எவரும் மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

உணவு மனத்தை மாற்றாது என்று நாம் சொல்லவில்லை. மாற்றும், சில வேளைகளில் பயங்கரமாக மாற்றும். சேலத்தில் 1918இல் பிறந்து, இந்திய ஊட்டச்சத்து அறிவியலின் தந்தை எனப் போற்றப்பட்டு, 2019இல் மறைந்த டாக்டர் சி. கோபாலன் அவர்களின் பணியை நம் நூல்கள் ஒன்றேனும் குறிப்பிட்டு நாம் கண்டதில்லை. பெல்லக்ரா என்றொரு நோய் உண்டு. தோல் கறுத்து வெடிக்கும், வயிறு போகும், மனம் சோர்ந்து, உறக்கம் கெட்டு, முற்றினால் அறிவு பேதலிக்கும். நியாசின் என்னும் உயிர்ச்சத்துக் குறைவினால் வருவது. உடல் டிரிப்டோஃபேனிலிருந்தும் நியாசினைச் செய்துகொள்ளும் ஆதலால், மக்காச்சோளமே உணவாகக் கொண்ட அமெரிக்கத் தெற்கு மாநில ஏழைகளிடம் அது பரவியிருந்தது. அது தொற்றுநோய் அன்று, உணவுக் குறை என்று கோல்ட்பர்கர் 1910களில் நிறுவினார். ஆனால் தக்காணத்தில் சோளம் உண்ட ஏழை உழவர்களிடமும் அந்நோய் காணப்பட்டது. சோளத்தில் டிரிப்டோஃபேன் அவ்வளவு குறைவில்லையே, ஏன்? ஹைதராபாத்தில் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் 1960இல் ஒரு விடையை முன்வைத்தனர்: சோளத்தில் லியூசின் என்னும் மற்றோர் அமினோ அமிலம் மிகுந்திருப்பது உடலின் கணக்கைக் குலைக்கிறது. அவ்விடை பின்னர் விவாதத்திற்குள்ளாயிற்று. எல்லா ஆய்வுகளும் அதை உறுதி செய்யவில்லை. ஆனால் மனம் கெட்டவன் என்று ஒதுக்கப்பட்ட ஓர் ஏழையின் தட்டில் என்ன இருந்தது என்று கேட்டார்களே, அந்தக் கேள்வியே நமக்கு வேண்டியது.

நம் வீடுகளுக்குள் வந்தால் கேள்வி இன்னும் நெருக்கமாகும். தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2019-21இல் தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். செரடோனின், டோபமின் இரண்டையும் மூளை செய்துகொள்வதற்கான நொதிகளுக்கு இரும்புச்சத்து வேண்டும். களைப்பு, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை ஆகியவை இரும்புக் குறைவின் அடையாளங்களாகவும் இருக்கலாம். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில் சட்டியின் அடியில் மிஞ்சிய ஆணத்தோடு சோற்றை உண்டு, உடனே ஒரு கோப்பைத் தேநீரும் குடிக்கிற நம் தாய்மார்களுக்கு அந்தத் தேநீர் சோற்றிலுள்ள இரும்பை உடலில் சேர விடாமல் தடுக்கிறது என்பதை எடுத்துச் சொல்ல ஒரு வரி போதும். உணவையும் மனத்தையும் பற்றி எழுதும் நூல்களில் அந்த ஒரு வரியை நாம் தேடிக்கொண்டே இருக்கிறோம். அஜ்வா பேரீச்சைக்கு நான்கு பக்கங்கள் கிடைக்கின்றன.

சோதித்துப் பார்த்தோரும் உளர். ஆஸ்திரேலியாவில் ஜாக்கா குழுவினர் மனச்சோர்வு நோயாளர் 67 பேரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. காய்கனி, பயறு, முழுத்தானியம், மீன், ஆலிவ் எண்ணெய் கொண்ட உணவுமுறையைப் பன்னிரண்டு வாரம் ஆலோசனையுடன் பின்பற்றியோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நோயிலிருந்து மீண்டனர். பேச்சுத்துணை மட்டும் பெற்றோரில் மீண்டவர் எட்டு விழுக்காடு. பங்குகொண்டோரில் பெரும்பாலோர் ஏற்கெனவே மருந்தோ ஆலோசனைச் சிகிச்சையோ பெற்றுவந்தவர்கள் என்பதை மறக்கலாகாது. உணவு அங்கே துணைக்கு வந்தது, பதிலுக்கு வரவில்லை. மூன்றில் இரண்டு பங்கினர் மீளவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். தல்பீனாவையே மலேசியாவில் முதியோர் இல்லவாசிகள் 30 பேருக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியாயிற்று. சோர்வின் அளவு குறைந்தது என்றே முடிவு. நமக்கு மகிழ்ச்சியே. ஆயினும் மூன்று வாரங்கள், முப்பது பேர் என்னும் இவ்வளவு சிறிய ஆய்வின்மேல் எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை ஹதீஸ் கலை பயின்ற நாம் பிறருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள். பிறரிடம் கேட்டறிய வேண்டியவர்கள் அல்லர். தனித்த ஒரே அறிவிப்பை வைத்து நாம் என்ன செய்வோம்?

மரபை மதிப்பது என்றால் எப்படி என்பதற்கு டில்லி ஹகீம் அஜ்மல் கான் அவர்களின் வழி ஒன்று உண்டு. சர்ப்பகந்தி என்னும் வேர், மனக்கொதிப்புக்கும் பித்துக்கும் நம் நாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்து வந்தது. ஹகீம் அவர்களின் ஊக்கத்தால் ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கி அவ்வேரைப் பகுத்து ஆராய்ந்தார். 1927இல் ஹகீம் மறைந்தார். 1931இல் ஸித்தீக்கி தாம் பிரித்தெடுத்த பொருளுக்கு அவர் நினைவாக அஜ்மலின் என்று பெயரிட்டார். 1952இல் சுவிட்சர்லாந்தில் அதே வேரிலிருந்து ரிசர்பின் பிரித்தெடுக்கப்பட்டது. உலகெங்கும் மனநோய் விடுதிகளில் அது பயன்பட்டது. அது மூளையிலுள்ள செரடோனினை வற்றச் செய்கிறது என்று 1955இல் கண்டனர். அதை உட்கொண்டோரில் சிலர் சோர்வில் மூழ்கியதும் கவனிக்கப்பட்டது. மனநிலைக்கும் மூளை வேதியியலுக்கும் தொடர்பு உண்டு என்ற இன்றைய எண்ணம் உருவானதில் அவ்வேருக்குப் பெரும்பங்கு உண்டு. செரடோனினைத் தம் நூலுக்குள் கொண்டுவர விரும்பும் நபிவழி மருத்துவ ஆசிரியர், அதற்கு அமெரிக்கா வரை செல்ல வேண்டியதில்லை. தம் சொந்த மரபின் வாசலிலேயே அது நிற்கிறது. ஆனால் அம்மரபு, நன்மை செய்யும் வேரே தீமையும் செய்யும் என்று எழுதி வைக்கத் தயங்காத மரபு.

இத்துணை நேரம் பிறரைக் குறை கூறினோம். இனி நம்மைப் பற்றியும் கூறுவது முறை.

நம்மிடம் ஏழாண்டுகள் ஓதி ஸனது பெற்று, மேலூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் இமாமாக இருந்த இளைஞர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். தந்தை மவுத்தாகி நான்கு மாதங்கள் ஆகியிருந்தன. உறக்கமில்லை, உணவு செல்லவில்லை, பஜ்ருத் தொழுகையில் நன்கு மனனமான அத்தியாயமே பாதியில் மறந்துபோகிறது, காரணமின்றிக் கண்ணீர் வருகிறது என்றார். நாம் புகாரியை எடுத்து வைத்து, உரையையும் காட்டி, தல்பீனாவை விடாமல் அருந்துமாறு கூறி அனுப்பினோம். ஆசிரியர் என்ற நிறைவும் நமக்கு அன்று இருந்தது. அவர் அருந்தினார். ஏழு மாதங்கள் அருந்தினார். குணமாகவில்லை. ஆனால் குணமாகாததை விடக் கொடிய ஒன்று அவருக்குள் நடந்துகொண்டிருந்தது. நபிமொழி பொய்க்காது, கஞ்சி பலிக்கவில்லை, ஆகவே பழுது என் ஈமானில்தான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். முடிவு கட்டியவர், பிறருக்கு முன்னின்று தொழவைக்கத் தாம் தகுதியற்றவர் என்று இமாமத்தையும் விட்டுவிட்டார். மருத்துவமனையில் பணிபுரியும் உறவுப்பெண் ஒருவர் வற்புறுத்திப் பெரியாஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றார். உறக்கம் வரவே சில வாரங்கள் ஆயின. ஓராண்டுக்கும் மேல் மருந்து உட்கொண்டார்.

குணமான பின் நம்மைக் காண வந்தார். குற்றம் சாட்டும் குரலே இல்லை. பாடத்தில் ஐயம் கேட்கும் மாணவரின் குரல்தான்.

“ஹஸ்ரத், அந்த ஹதீஸில் பஃளு என்றுதானே இருக்கிறது? மீதிக்கு என்ன செய்ய வேண்டும் என்று நாம் ஓதும்போது கேட்கவே இல்லையே?”

அந்த மீதிக்கு விடை நம் கிதாபுகளிலேயே இருக்கிறது. கிராமத்து அரபிகள் வந்து, நாங்கள் மருத்துவம் செய்துகொள்ளலாமா என வினவியபோது செய்துகொள்ளுமாறு நபிகளார் (ஸல்) பணித்தார்கள், அது பொதுக்கட்டளை. இப்னு கல்தூன் முகத்திமாவில் ஒரு படி மேலே சென்று, நபிகளார் மார்க்கத்தைக் கற்பிக்க அனுப்பப்பட்டார்களேயன்றி மருத்துவத்தைக் கற்பிக்க அன்று என்றும், நம்பிக்கையோடு பரக்கத்தை நாடிச் செய்வதன் பயன் வேறு, மருத்துவத்தின் வழி வேறு என்றும் பிரித்து வைத்தார். இக்கருத்தை எல்லா அறிஞரும் ஏற்கவில்லை. நாமும் முழுதும் ஏற்கத் தயங்குகிறோம். இப்னு கல்தூனை ஏற்காதவர்களும் மூலத்தின் அளவைக் காத்தனர் என்பதே நமக்கு முக்கியம். தேன் பற்றிய அந்நஹ்ல் அத்தியாயத்து வசனத்தில் ஷிஃபா என்னும் சொல் அலிஃப் லாம் இன்றி வந்திருப்பதால் எல்லா நோய்க்குமான நிவாரணம் என்று பொருளாகாது எனச் சிலர் கூறியதை இப்னு கஸீர் (ரஹ்) தம் தஃப்ஸீரில் எடுத்துக்காட்டுகிறார்கள். கருஞ்சீரகம் பற்றிய நபிமொழியின் சொல் பொதுவானதாயினும் கருத்துக் குறிப்பானதே என்றார்கள் இமாம் கத்தாபி (ரஹ்). ஓர் அலிஃப் லாமுக்கு அவர்கள் காட்டிய கவனத்தை ஒரு முழுச் சொல்லுக்கு நாம் காட்டவில்லை.

அபூ ஸைத் அல்பல்கியைப் பற்றியும் சொல்லிவிடுவோம். 850 அளவில் பிறந்து 934இல் மறைந்தவர். உடலின் நலனையும் உள்ளத்தின் நலனையும் ஒரே நூலில் வைத்து எழுதிய அவர், துயரை இரண்டாகப் பிரித்தார். இழப்பு முதலிய காரணம் தெரிந்த துயர் ஒன்று. காரணம் எதுவும் தெரியாமல் வந்து கவிந்து, உலக இன்பம் எதிலும் நாட்டமில்லாமல் செய்யும் துயர் மற்றொன்று. பின்னதற்கு வேர் உடலில் இருக்கிறது, அதற்கு உடல்வழி மருத்துவம் வேண்டும் என்பது அவர் முடிவு. அந்நூலின் கையெழுத்துப் படி இஸ்தான்புல்லில் கிடந்தது. ஃபுஆத் செஸ்கின் 1984இல் அதன் நிழற்பதிப்பை வெளியிட்டார். நம் மாணவரின் துயர் முதல் வகையில் தொடங்கி இரண்டாம் வகைக்குள் நழுவியிருந்தது. பல்கியை ஓதியிருந்தால் அதை நாம் அடையாளம் கண்டிருப்போமோ என்னவோ. அரபிக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் பல்கிக்கு இடமில்லை.

ஏழு மாதங்கள்தானே, பெரிதா என்று கேட்போர்க்கு ஏர்வாடியை நினைவூட்டுகிறோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில் அங்கு மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களில் ஒருவரும் ஒரே நாளில் அச்சங்கிலிக்கு வந்திருக்க மாட்டார். ஒவ்வொருவருக்குப் பின்னாலும் இதைச் செய்து பார்ப்போம், அதைக் கொடுத்துப் பார்ப்போம் என்று கழிந்த மாதங்கள் இருந்திருக்கும். தர்காக்களைப் பற்றிய மார்க்கக் கருத்து வேறுபாடு இங்கு நம் பொருளன்று. துஆவோடு மருந்தும் சேரட்டும் என்று பின்னாளில் ஏர்வாடியிலேயே அரசு மருத்துவர்களைக் கொண்டு ஏற்பாடு செய்யப்பட்டது. அதில் மார்க்கத்திற்கு முரண் ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

இறுதியாக ஒரு திருத்தம். அம்மாணவர் கஞ்சி அருந்திவந்த அதே காலத்து ரமளானில், தல்பீனாவைப் பற்றி நாம் நிகழ்த்திய பயான் ஒன்றை அன்பர்கள் சிலர் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு, நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குச்சட்டியோடு வந்து நின்றவர்களிடமெல்லாம் கொடுத்தனர். அதன் இரண்டாம் பக்கத்தில், துயரைப் போக்கும் என்று இருக்கிறது. பிழை அச்சிட்டவருடையதன்று, நம்முடையது. படிகள் எத்தனை வீடுகளில் கிடக்கின்றனவோ அறியோம். எவரிடமேனும் இருப்பின், துயரை என்பதை அடித்துவிட்டு, துயரில் ஒரு பகுதியை என்று எழுதிக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.